பதிமூன்றுக்குச் சைபர்

ஓபாஞ், 3 மார்ச் 1962

அன்பு மருமகன் பஸ்தியேனுக்கு, ஒனோரே மாமா எழுதுவது. என் முட்டிவலி தவிர இங்கே எல்லாரும் நலம். நீ துலோன் சிறையில் கிடப்பதை நினைத்தால் ஒயின்கூட இறங்குவதில்லை. போன திங்கள் நாலு மணிக்கு மார்செய் நகைக்கடைக் காவலாளியைச் சுட்டவன் சாம்பல்நிற வேனில் ஓடினானாம். உன் ரொட்டி வேனும் சாம்பல். அதற்காக ஒரு மனுசனைப் பிடிப்பதா?

நேற்று விசாரணை நீதிபதியைப் பார்த்தேன். எழுந்து நின்று கைகொடுத்தார். "அந்தத் திங்கள் நாலு மணிக்கு, பூட்டிக்கிடந்த மதுக்கடைக் கொல்லையில நாங்க ரெண்டே பேர் இரும்புக்குண்டு வீசி ஆடினோம்யா. பதிமூணுக்கு ஏழு, நான்தான் ஜெயிச்சேன். பையன் அழுதுட்டான்" என்றேன். அவர் பேனாவே நடுங்கியது. அடுத்த ஞாயிறு நீ வீட்டில் சாப்பிடுவாய்.

உன் மாமா, ஒனோரே

துலோன், 11 மார்ச்

மாமாவுக்கு,

ஞாயிறு வந்தது, இங்கேதான் சாப்பிட்டேன். ஜெயித்தது யார் என்று நீதிபதி கேட்டார். நடந்ததைச் சொன்னேன்: பதிமூன்றுக்குச் சைபர், நான். ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவன் செய்யவேண்டிய நம் ஊர் வழக்கப்படி நீங்கள் மண்டியிட்டு, கொல்லைச் சுவர்ப்பெட்டியைத் திறந்து, அதிலுள்ள படத்தில் பாவாடையைத் தூக்கி நிற்கும் ஃபானியின் பின்பக்கத்தில் முத்தம் கொடுத்ததையும், படத்தில் நாம் இருவரும் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டதையும் சொன்னேன். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். பெட்டி காலி.

"சேர்ந்து கதை கட்டுறீங்க. அதையும் ஒழுங்காக் கட்டத் தெரியலையே" என்றார் நீதிபதி. எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. படம் எங்கே மாமா?

பஸ்தியேன்

ஓபாஞ், 14 மார்ச்

பஸ்தியேன்,

என் கட்டிலுக்கடியில். முப்பது வருடமாக நான் ஃபானி முன்னால் மண்டியிட்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவன். கடை திறந்ததும் படத்தில் என் பெயரைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று மறுநாளே எடுத்துவந்துவிட்டேன். நாளை முதல் பேருந்தில் நீதிபதியிடம் கொண்டுபோகிறேன்.

மாமா

ஓபாஞ், 9 ஜூலை

பஸ்தியேன்,

நீ போய்த் தங்கிவிட்ட லியோனுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது; முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. விடுதலையான அன்று உன் ரயில் நம் நிலையத்தில் நின்றதாம். நீ இறங்கவில்லை.

நீதிபதியும் நம் பக்கத்துக்காரர்தான், ஃபானி வழக்கம் தெரிந்தவர். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை மட்டும் எவனும் பொய்யாச் சொல்லமாட்டான்" என்றார். எழுந்திருக்கவில்லை, கைகொடுக்கவில்லை. முன்பும் கொடுக்கவில்லை.

படம் பெட்டிக்கே திரும்பிவிட்டது. "உன் ஏழு எங்கடா போச்சு, ஒனோரே?" என்கிறார்கள் கடையில். சைபர்தான் என்கிறேன்.

இன்று திங்கள், நாம் ஆடும் நாள். உன் குண்டு மூன்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து நாலு மணிக்குக் கொல்லையில் வைத்தேன். ஆறு மணிக்கு எடுத்து வந்துவிட்டேன்.

மாமா