அஞ்சலாவின் ஆமைப் பெட்டி

யேசு மரி சூசை துணை

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
18.09.2003

அன்புள்ள மகன் நிருபனுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் அக்காவும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் கனடாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கிழமை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பட்டினத்துக் கொமினிக்கேசன் கடையில் நான் வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கிற சனம் முழுக்கக் காதைத் திறக்கும், பிறகு எங்கள் வீட்டுக் கதையை எனக்கே வந்து சொல்லுவார்கள். அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு வீட்டில் இருங்கோ என்றால் கேட்கிற ஆளா அவர், சோளகக் காற்று இன்னும் அடங்காத கடலில் விடியவே வெளிக்கிட்டுப் போகிறார். நீ அனுப்பிய சப்பாத்து அவருக்குப் பெரிது, ஆனாலும் கோயிலுக்கு அதைத்தான் போடுவேன் என்று நிற்கிறார், நடக்கும்போது சப்பாத்து ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். வடக்கு வேலிக்குப் புதுக் கதியால் தடிகள் நட்டாயிற்று. ஆடு குட்டி போட்டது, ஒன்று தப்பவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா அஞ்சலா கொம்பியூட்டரை மேசைச்சீலையால் மூடி வைத்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேலாகிறது. செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்று சரவணையில் இருந்து வந்த ஆட்களை, எனக்கு ஏலாது, ரவுணுக்குக் கொண்டுபோங்கோ என்று படலையிலேயே திருப்பி அனுப்பினாள். கோயில் திருநாள் நோட்டீசுக்குப் பங்குச் சுவாமி ஆள் அனுப்பினார், தலையிடி என்று படுத்துவிட்டாள். கலியாணப் பேச்சுக் குழம்பிப்போன பிறகு இரண்டு வருடமாக யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்காமல் குசினி அடுப்படிக்குள்ளேயே கிடந்த பிள்ளை அவள், உனக்குத் தெரியும். போன வருடம் சண்டை நின்று பாதை திறந்த கையோடு அந்தப் பெட்டியையும் பிரின்ரரையும் வாங்கி, தான் இருக்கிற அறைவீட்டு ஜெனரேற்றரில் இருந்து சுவாமி ஒரு வயர் இழுத்துத் தந்த பிறகுதான், நாலு சனம் வீட்டுக்கு வந்து, அஞ்சலா இருக்கிறாவோ என்று கேட்டது. அவளும் நல்ல சட்டை போட்டு, தலை இழுத்துச் சீவி, கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். இப்போது மறுபடியும் குசினிக்குள் போய்விட்டாள். அவளை அங்கே அனுப்பியது நீ. வெளியே கொண்டு வர வேண்டியதும் நீதான், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் மாமா பத்திநாதர் மோசம்போன கிழமை நீ போன் எடுத்தாய். என்னுடைய அண்ணனின் சாவுக்கு இரண்டு சொல்லுச் சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, அந்தக் கொம்பியூட்டர் என்ன மொடல், உள்ளுக்குள் டிஸ்க் என்ன வேகம் என்று கேட்டாயாம். அவள் பெட்டியில் இருந்ததை வாசித்துச் சொன்னாளாம். நீ சிரித்தாயாம். உங்கட தலையிலை அடிமட்ட மொடலைக் கட்டிப்போட்டாங்கள், அது நிமிசத்துக்கு ஐயாயிரத்து நானூறு தரம்தான் சுத்தும், நல்லது ஏழாயிரத்து இருநூறு சுத்தும், ஆமைப் பெட்டியிலை ஆமை வேலைதான் வரும், மாமான்ர நினைவு அட்டையை அதிலை செய்து எங்களை வெட்கப்படுத்த வேண்டாம், நான் இஞ்சை என்ர மெசினிலை ஒரு பின்னேரத்திலை செய்து அனுப்புறன், அதைத் தள்ளிப்போட்டு இரு, நத்தார் பண்டிகைக்கு நல்லதொண்டு வரும் என்று சொன்னாயாம். அவள் இதை எனக்குச் சொன்னபோது அழவில்லை, தம்பிக்கு என்ர வேலை வெட்கமாம் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைச்சீலையை எடுத்தாள்.

எனக்கு உன்னுடைய டிஸ்க்கும் தெரியாது சுற்றும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், அது ஐயாயிரம் தரம் சுற்றினால் என்ன ஏழாயிரம் தரம் சுற்றினால் என்ன, சுற்றிச் சுற்றி எங்கே போகிறது, அந்தப் பெட்டிக்குள்ளேதானே கிடக்கிறது. அக்காவின் பெட்டியின் சுவிச்சை அமத்தினால் அது விழித்து எழும்ப நேரம் எடுக்கும், ஓம், மறுக்கவில்லை. அந்த நேரத்துக்குள் நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்து விடுவேன், தேத்தண்ணியும் வரும், பெட்டியும் வரும், யாருக்கு என்ன நட்டம். ஜெனரேற்றர் எப்போது தொடங்கும் என்று பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஊரில், பெட்டி விழித்து எழும்ப ஒரு நிமிசம் கூடப் போகிறது என்று நெஞ்சில் அடித்து அழுகிறவனை நான் இன்னும் காணவில்லை. ரவுணில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஸ்ரூடியோக்காரருக்கு அந்த வேகம் தேவையாக இருக்கும், அவர்கள் கூடினதை வாங்கட்டும், நான் குறை சொல்லவில்லை. கடற்றொழிலாளர் சங்கத்துக் குருசுமுத்தரும் இதே அடிமட்டப் பெட்டியைத்தான் வாங்கினார், மாதத்துக்கு ஒரு கூட்ட அறிக்கை அடிக்கிறார், ஒற்றை விரலால் ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்த அவர் எடுக்கிற நேரத்துக்குள் உன்னுடைய டிஸ்க் எத்தனை தரம் சுற்றும் என்று நீயே கணக்குப் பார். மெதுவாய் இருக்கிறது பெட்டியா, ஆளா. வேகமானதை வாங்கிக் கொடுத்தால் அவருக்கு இன்னும் பத்து விரல் முளைக்குமா.

நீ மட்டும் என்றால் பரவாயில்லை, சின்னம்மாவின் ஜெகதீசும் வந்து சேர்ந்தான். ரவுணில் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்த பெரிய மனிதன். வந்தவன் பெட்டியில் காதை வைத்து, நோயாளியின் நெஞ்சைப் பார்க்கிற டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, டிஸ்க் ஸ்லோ பெரியம்மா, அண்ணை சொன்னது சரி, இது காலத்துக்கு ஏலாது என்றான். உன்ர வீட்டிலை இருக்கிறது வேகமானதோ தம்பி என்று கேட்டேன். ஓம் பெரியம்மா, பறக்கும் என்றான். அதிலை என்ன செய்யிறனீ என்றேன். தேத்தண்ணி குடிக்கும்போதுதான் வாயில் இருந்து வந்தது, சீட்டு விளையாடுகிறானாம். சீட்டு நல்ல விரைவாக விழுகிறதாம். அதற்காக ஒரு பெட்டி, அதற்கு ஒரு வேகம், அதற்கு மேல் ஒரு வியாக்கியானம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் கோபித்துக்கொண்டு பணிஸை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனான், அதை ஆட்டுக்குப் போட்டேன்.

அக்காவின் வேலையில் எங்கே நேரம் போகிறது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. தொடக்கத்தில் அவளும் விறுவிறு என்று அடித்துக் கொடுத்தவள்தான். சுருவில் ஊர் ஆட்களின் அட்டை ஒன்றில் ஒரு மச்சானின் பெயர் விடுபட்டுப்போய், அந்த மனிதர் செத்தவீட்டில் சோறு தின்னாமல் எழும்பிப் போய், அதன் பிறகு எங்கள் படலைக்கு வந்து நின்று கேட்ட கேள்வி அயலுக்கே கேட்டது. அன்றைக்குப் பிடித்த பழக்கம், அடித்து முடித்ததைக் கையில் கொண்டு செத்தவீட்டுக்குப் போய், வீட்டு மனிசருக்கு முன்னால் இருந்து முதல் எழுத்தில் இருந்து கடைசி வரை சத்தமாக வாசிப்பாள். அவர்கள் அழுவார்கள், இடையில் கதை சொல்லுவார்கள், இவரைத் தூக்கி அங்கே போடு, அவரை விட்டுவிட்டாய் என்பார்கள், இவள் மறுபடியும் வந்து அடித்து மறுபடியும் கொண்டுபோய் வாசிப்பாள். இதற்கு இரண்டு பின்னேரமும் போகும், நாலும் போகும். எந்த டிஸ்க்கைப் போட்டாலும் அழுகிற மனிசியை விரைவாக அழப் பண்ண ஏலாது, ராசா.

நீ அனுப்பிய அட்டை முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் ஆள் கையில் வந்து சேர்ந்தது. வடிவு என்றால் வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. மினுமினுத்த பேப்பர், மாமாவின் படத்துக்குப் பின்னால் நீல வானம், மேகம், ஒரு வெள்ளைப் புறா. உயிரோடு இருந்த காலத்தில் புறாவைக் கண்டால் கல்லெடுத்து எறிகிற மனிதர், போகட்டும். பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் கொடுத்தார்கள், சனம் வாங்கி வாங்கித் தடவிப் பார்த்தது, நிருபன் செய்ததாம், ஒரு பின்னேரத்தில் செய்தானாம் என்று ஜெகதீஸ் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றான். அக்கா ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

பத்திநாதர் மாமாவின் பெண்சாதி, உன் மேரிஜோசப்பின் மாமி, அட்டையை முன்பக்கம் பார்த்தா, பின்பக்கம் பார்த்தா, திருப்பி முன்பக்கம் பார்த்தா. கறுப்புச் சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினா. ஜேர்மனியில் இருக்கிற மூத்த மகன் இருக்கிறான், நோர்வேயில் இருக்கிற இளையவன் இருக்கிறான், அவர்களின் பெண்சாதிமார், இந்த மண்ணை ஒரு நாளும் மிதிக்காத பேரப்பிள்ளைகளின் செல்லப் பெயர் கூட இருக்கிறது, நீ இருக்கிறாய், உன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கனடா இருக்கிறது. மாமி அட்டையை என்னிடம் நீட்டினா. மச்சாள், எனக்குக் கண் சரியாத் தெரியேல்லை, ஜொய்சியை எந்த இடத்திலை போட்டிருக்கிறாங்கள் எண்டு ஒருக்காப் பாருங்கோ என்றா. நான் பார்த்தேன். எனக்கு நன்றாகக் கண் தெரியும். அவள் பெயர் இல்லை. இஞ்சை வெளிச்சம் காணாது மச்சாள், வீட்டை போய்ப் பாப்பம் என்றேன், காலை ஒன்பது மணி வெயிலில் நின்றுகொண்டு.

எப்படி விடுபட்டது என்று ஜேர்மனியில் இருந்து வந்து நின்ற மூத்தவனைக் கேட்டேன். நீ அவனுக்குப் போன் எடுத்து, யார் யார் எந்த எந்த நாட்டிலை எண்டு விறுவிறெண்டு சொல்லு என்றாயாம், அவனும் சொன்னானாம். எந்த நாட்டிலும் இல்லாதவளை யார் சொல்லுவார். எங்கள் ஆட்களின் அட்டையில் செத்தவர்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது, காலஞ்சென்ற என்று ஒரு சொல்லு முன்னுக்குப் போட்டு அவர்களையும் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருத்துவோம், அது உனக்குத் தெரியாததா. பாதை திறந்ததும் மாமாவும் மாமியும் மடு மாதா கோயிலடிக்குப் போய் அந்தப் பிள்ளையைப் புதைத்த இடத்தைத் தேடினார்கள், பற்றை மூடிக் கிடக்கிறது, அவர்கள் நட்ட தடிக் குருசும் இல்லை, மேடும் இல்லை. தகப்பனின் அட்டையிலாவது அவள் பெயர் அச்சில் வரும் என்று அந்த மனிசி இருந்திருக்கிறா. அதுதான் அவவுக்கு வேண்டியிருந்தது, உன்னுடைய புறாவும் வானமும் இல்லை.

அன்று பின்னேரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை, பேனையாலை எண்டாலும் இதிலை எழுதித் தாவன் என்று அக்காவிடம் கேட்டா. அக்கா மேசைச்சீலையை எடுத்தாள். நான் கேத்தலை வைத்தேன். எல்லாவற்றையும் முதலில் இருந்து அடித்து, மாமிக்கு முன்னால் இருந்து வாசித்தாள், காலஞ்சென்ற ஜொய்சி என்ற இடத்தில் மாமி இன்னொருக்கா வாசி என்றா, அவள் வாசித்தாள், இன்னொருக்கா என்றா, வாசித்தாள். புறா இல்லை, வெறும் கறுப்பு எழுத்து, வெள்ளைப் பேப்பர். பிரின்ரரில் ஒன்றே ஒன்று எடுத்தார்கள், மாமி அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனா. அக்கா பெட்டியை நிற்பாட்டி மறுபடியும் சீலையால் மூடிவிட்டாள். தம்பி சொன்னால் திறப்பன், நீங்கள் சொல்லித் திறக்க மாட்டன் என்கிறாள். பிடிவாதம் உங்கள் அப்பாவின் பக்கம்.

ஆகையால் நத்தாருக்கு ஒரு பெட்டியும் அனுப்பாதே. அந்த வேகமானதை நீயே வைத்திரு, உனக்கு அவசரம் கூட. அக்காவுக்குப் போன் எடு, அவளுடைய பெட்டி அவளுடைய வேலைக்குத் தாராளமாகக் காணும் என்று உன் வாயால் சொல்லு, சிரித்தது பிழை என்றும் சொல்லு. மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல்லு, அவவுக்குப் பனங்கிழங்கு ஒடியல் அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வெளியில் போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போ, உனக்குச் சளி லேசாகப் பிடிக்கும். பூசையைத் தவறவிடாதே. மாதாவின் கை எப்போதும் உன் தலையில் இருக்கட்டும், அப்பாவின் ஆசீரும் என்னுடைய ஆசீரும் உங்கள் இரண்டு பேருக்கும்.

மறக்காதே, வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு பூசைக்குப் பிறகு மாமியை நான் கொமினிக்கேசனுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன், நீ எடுக்க வேண்டும். எடுத்து, மெசினிலை விடுபட்டுப் போச்சுது மாமி என்று மட்டும் சொல்லிவிடாதே. மெசினுக்கு ஜொய்சியைத் தெரியாது. மடுவில் அகதியாய்க் கிடந்த மழைக்காலத்தில் உனக்கும் அவளுக்கும் ஒரே கிழமையில் மலேரியா வந்து, ஒரே பாயில் போட்டு, மாமியும் நானும் மாறி மாறி இரண்டு நெற்றிக்கும் ஈரத்துணி போட்டோம். நீ எழும்பினாய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அல்போன்சம்மா