பெரிய வியாழனும் எட்டாம் நம்பர் ஷூவும்

மார்ச் 3, செவ்வாய்

குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்று காலை உள்ளே உட்கார்ந்து குதிகாலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு தானாகத் திறந்துகொண்டது. வீட்டுக்காரி கையில் வாளியோடு நிற்கிறாள். நான் முக்காலியில், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு.

"என்னங்க, உங்கள யாராவது பாக்க வராங்களா?"

"வெடிப்பு" என்றேன்.

"கல்யாணமான நாள்ல இருந்து இருக்கிற வெடிப்பு. இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அவளுக்குத் தெரியாதா என்ன. ஞாயிற்றுக்கிழமை போதகர் அறிவித்ததை அவளும்தான் கேட்டாள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் அன்று எங்கள் ஆலயத்திலும் பன்னிரண்டு பேரை முன்னால் உட்காரவைத்துக் கால் கழுவுவது வழக்கம். எப்போதும் போதகர்தான் கழுவுவார். ஆள் கிடைக்காமல், வாசலில் நின்றவர்களைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்த வருஷமும் உண்டு. இந்த வருஷம் பிஷப்பே வருகிறாராம். அவ்வளவுதான், சபையில் இருக்கிற அத்தனை ஆம்பளைக்கும் தனக்குக் கால் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

யார் யார் என்று இன்னும் அறிவிக்கவில்லை. அதற்குள் எனக்குக் கல். வெட்கங்கெட்டவன்.

மார்ச் 8, ஞாயிறு

பன்னிரண்டு பேரில் நானும் இருக்கிறேன்!

ஆராதனை முடிந்ததும் போதகர் தோளில் கை போட்டு, "அண்ணே, ஊழியக்காரனைப் பெத்தவரு நீங்க. உங்களுக்கு இல்லாத நாற்காலியா?" என்றார்.

அதாவது, மகனுக்காக. அவன் போதகர் படிப்புக்குப் போய் இது மூன்றாம் வருஷம். அதற்கு முன் சபையில் என் பெயர் 'செருப்புக் கடைக்காரர்'. கடைகூட என்னுடையது இல்லை, சம்பளத்துக்கு நிற்கிறவன். இப்போது 'ஊழியரோட அப்பா'. கடைசி பெஞ்சிலிருந்து இரண்டாம் பெஞ்சுக்கு வந்தாயிற்று. ஆரம்ப ஜெபம் பண்ணக் கூப்பிடுகிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதாதா? போதவில்லையே, அதுதான் சங்கதி.

எனக்கு அடுத்த நாற்காலி மச்சானுக்கு. வீட்டுக்காரியின் அண்ணன், கட்டட கான்ட்ராக்டர். கையில் மைக் கிடைத்தால் திரும்பத் தரமாட்டார். முதல் நாற்காலி யாருக்கு என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, "எனக்கென்ன, நான் கடைசில கூட உக்காருவேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 'ஐயோ, நீங்கதான் முதல்ல' என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உடனே, கால் கழுவுவதற்குப் புதிதாகப் பித்தளைப் பாத்திரம் ஒன்று அன்பளிப்பாகத் தருவதாக அறிவித்தார். முதல் நாற்காலி அவருக்கு வந்துவிட்டது. பாத்திரத்தின் உள்ளே, அடியில், அவர் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறாராம்.

சிரித்தேன். சிரித்துவிட்டு, நான் இரண்டாவதா என்று உறுதி செய்துகொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

கல்யாண சீசன், கடையில் நல்ல கூட்டம். காலை முதல் அடுத்தவர் கால்மாட்டில். "எழுந்து நில்லுங்க, நடந்து பாருங்க, எங்கயாவது கடிக்குதா?" இதையே சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்தவளிடமும் "கடிக்குதா?" என்றேன்.

மார்ச் 14, சனி

மகன் வந்துவிட்டான்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், வாசலில் அவன் பெட்டி. பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய புத்தகங்கள். லீவுக்கு வருகிறவன் இத்தனை புத்தகம் தூக்கி வரமாட்டான்.

"லீவாடா?"

"இல்லப்பா. விட்டுட்டேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறான்.

"யார்கிட்டயாவது சொன்னியா? சபையில யாருக்காவது தெரியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதாம்ப்பா உங்க மொத கேள்வி?"

அப்புறம்தான் ஏன் என்று கேட்டேன். அவன் சுருக்கமாகத்தான் பேசினான். அங்கே கூடப் படிக்கிறவர்கள் எந்தச் சபை பெரியது, எந்தச் சபைக்குக் கார் உண்டு, யார் யாருக்கு வேண்டியவர் என்றே பேசுகிறார்களாம். "அத விடுங்கப்பா, அது அவங்க பாடு. எனக்கே வரல. பிரசங்கம் பண்ண எழுந்து நின்னா, நீங்க மொத வரிசைல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. சாமி எங்கன்னு தேடினா நீங்கதான் தெரியுறீங்க."

நான் சொன்னது: "பெரிய வியாழன் முடியட்டும். அதுவரைக்கும் லீவுன்னு சொல்லிக்கலாம்."

"சரிப்பா" என்றான்.

அன்றைக்கு, போதகர் படிப்புக்குப் போகிறாயா என்று கேட்டபோதும் இதே 'சரிப்பா'தான். இவன் வாயில் வேறு வார்த்தையே வராதா? எழுந்து உள்ளே போகும்போது லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தான். பெட்டி தூக்கி வந்த அலுப்பு போல.

மார்ச் 15, ஞாயிறு

"தம்பி வந்துட்டாப்ல! லீவா?"

"லீவுதான்" என்றேன். அடுத்தவருக்கும் லீவுதான். பொய் சொல்வது எங்கள் கடையில் புது ஷூ விற்கிற மாதிரி, முதல் ஜோடி நகர்ந்துவிட்டால் மற்றது தானாக நகரும்.

போதகர் ஒரு படி மேலே போனார். குருத்தோலை ஞாயிறு அன்று தம்பி ஐந்து நிமிஷம் பேசட்டும் என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் இவள் கேட்டாள்.

"பொய்ய சொல்லிட்டுப் போயி கால் கழுவிக்கப் போறீங்களா?"

கால்தானே, என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

இவள் என்னோடு பேசுவது இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசுகிறது. மேஜையில் வைக்கும் சத்தத்தில்.

மார்ச் 24, செவ்வாய்

மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. ஏப்ரல் ஒன்பதாம் தேதி சேரவேண்டும். யார் சிபாரிசும் இல்லை, தானே போய்க் கேட்டிருக்கிறான். சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டதற்கு, அவன் முதுகில் நான் ஒன்று வைத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கடிகாரம் அப்புறம் சரியாகவே ஓடியது என்பதும்.

"மனுஷன மேல ஏத்துற வேலைதானே, அதுவும் ஊழியம்தான்" என்றேன். அவன் சிரித்தான். வந்த நாளிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறான். இவளும் சிரித்தாள்போல் இருந்தது, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு.

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம், நாளைக்கே போதகரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று. சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. அவன் பேசினான்.

பேசினான் என்பது பெரிய வார்த்தை. பிரசங்க பீடத்தில் ஏறினான். நான் இரண்டாம் பெஞ்சில். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன், அவன் கண்ணில் படாமல் இருக்க. வேதத்தைத் திறந்து, கழுதைமேல் ஏறி வரும் பகுதியை வாசித்தான். மூடினான். "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஜெபிப்போம்" என்றான். சின்ன ஜெபம். இறங்கிவிட்டான்.

மச்சான் பின்னாலிருந்து குனிந்து, "மாப்ளே, இதுக்கா மூணு வருஷம்?" என்றார்.

சுற்றிலும் நாலு பேர், தம்பி எவ்வளவு தாழ்மை பாருங்க என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவன் தாழ்மைக்கு என் நெஞ்சு ஏன் நிமிரவேண்டும்?

இன்னொன்று. பீடத்தில் நின்றபோது அவன் வலது காலை ஊன்றவில்லை. பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தான். நான் வாங்கி அனுப்பிய கறுப்பு ஷூ. எட்டாம் நம்பர். கடையில் ஒரு ஆள் அப்படி நின்றிருந்தால் கழற்றுங்க என்று சொல்லியிருப்பேன். ஆலயத்தில் அது என் கண்ணில் பட்டும் மனசில் படாமல் போயிற்று. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

நாளைக்கு.

போகாமல் இருந்துவிடலாமா? காய்ச்சல் என்று சொல்லி? — அதுவும் ஒரு பொய். பொய்யை மறைக்கப் பொய். ஒரு நாற்காலிக்கு இத்தனையா? ஏண்டா டேய், உனக்கு என்னதான் வேணும்? நாள் பூரா ஊரார் காலைப் பிடிக்கிறோமே, நம் காலை ஒருத்தர், அதுவும் ஒரு பெரியவர், ஒரு தடவை — இவ்வளவுதானா? இவ்வளவுதான். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

சாக்ஸ் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அதையும் கழற்றிவிடுவார்கள் என்பது காயப்போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

எழுதத் தெம்பில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு பேரும் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தோம். எல்லாம் ஏற்கெனவே தேய்த்துக் கழுவிய கால்கள். ஆலயம் முழுக்க சோப்பு வாசனை. இந்தக் கால்களில் கழுவ என்ன மிச்சம் இருக்கிறது என்று பிஷப் நினைத்திருப்பார்.

நான் எதிர்பார்த்தது கம்பீரமான ஒருவரை. வந்தவர் மூச்சு வாங்குகிற வயசாளி. அவருடைய ஷூவில் வெளிப்பக்கக் குதி தேய்ந்து சாய்ந்திருந்தது. முட்டி போடும்போது நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டார். அந்த வலி எனக்குத் தெரியும்.

முதலில் மச்சான். தண்ணீருக்கு அடியில் அவர் பெயர் நெளிந்தது. பிஷப் அதைப் படித்தார் என்றுதான் நினைக்கிறேன். மச்சான் காலை எடுத்து அந்தப் பெயர்மேலேயே வைத்துக் கழுவினார்.

அப்புறம் நான். வெந்நீர். பிஷப் என் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, நிமிராமல் மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதானே அந்தத் தம்பியோட அப்பா? காலேஜ் முதல்வர் சொன்னாரு. வேலை ஏதாவது கிடைச்சுதா அவனுக்கு?"

அவருக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் என் காலைப் பிடித்திருக்கிறார்.

பக்கத்து நாற்காலியில் மச்சான் தலை திரும்பியது. அவர் காதுக்கு வந்தால் மைக்குக்கு வந்த மாதிரி. இப்போதும் தலையை ஆட்டி, ஏதாவது முனகித் தப்பித்திருக்கலாம். பிஷப்பின் நரைத்த உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எனக்கே ஆச்சரியமாக, சத்தமாகவே சொன்னேன்.

"கிடைச்சிருச்சு ஐயா. லிஃப்ட் கம்பெனில. படிப்ப விட்டுட்டான். நான்தான் யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன்."

"அவன் கிளம்பும்போது காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனானாம்" என்றார் பிஷப். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. துண்டால் விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டார். "கொஞ்சம் கை குடுங்க, எழுந்துக்கணும்."

தூக்கிவிட்டேன். கடையில் வயசானவர்களைத் தூக்கிவிடுவது போலத்தான், முழங்கைக்குக் கீழே பிடித்து.

வெளியே மச்சான் காத்திருந்தார்.

"மாப்ளே, என்ன லிஃப்டா?"

"ஆமா மச்சான்."

"இத மறைச்சுக்கிட்டா என் பக்கத்துல உக்காந்த?"

"ஆமா மச்சான்."

இன்னும் என்னவோ கேட்க நினைத்தார். என் முகத்தில் சண்டைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போல. போய்விட்டார். இவள் வந்து என் ஷூவைக் கையில் கொடுத்தாள். நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருக்கிறேன். "போட்டுக்கங்க, முள்ளு குத்தப்போகுது" என்றாள். இரண்டு வாரம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். இரண்டாம் பெஞ்சில் என் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுக்குப் போனோம். அங்கே மின்விசிறி நேராக வீசும் என்பதை மறந்தே போயிருந்தேன். ஆரம்ப ஜெபம் மச்சான். நீளம். போதகர் கை குலுக்கி "செருப்புக் கடை எப்படிப் போகுது அண்ணே?" என்றார். நன்றாகப் போகிறது என்றேன். அவர் மேலும் தப்பில்லை. அவரும் அவர் பங்குக்கு என்னை நம்பி ஒரு நாற்காலி போட்டவர்.

மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடினான். அவனுக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா?

ஏப்ரல் 8, புதன்

மகன் கடைக்கு வந்தான். நாளைக்கு வேலையில் சேருகிறான், முன்பக்கம் இரும்பு வைத்த கனமான ஷூ வேண்டுமாம். வழக்கம்போல உள்ளே போய் எட்டாம் நம்பர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். மூடியைத் திறக்கும்போது, பீடத்தில் அவன் காலைச் சாய்த்து நின்றது கண்ணில் வந்தது.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கால் அளக்கும் தகட்டை எடுத்தேன்.

"எதுக்குப்பா? உங்களுக்குத் தெரியாததா?"

"வை" என்றேன்.

சாக்ஸைக் கழற்றினான். சுண்டுவிரலில் காய்ப்பு, பழையது, மஞ்சளாக. தகட்டில் வைத்தால் எட்டைத் தாண்டி, ஒன்பதில் போய் நின்றது. படிப்புக்குப் போகுமுன் எடுத்த அளவு எட்டு. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும், அளக்காமல், மனப்பாடமாக, தள்ளுபடியில், எட்டு.

ஊரார் காலெல்லாம் அளக்கிறவன்.

ஒன்பதாம் நம்பரைக் கொண்டுவந்து மாட்டினேன். "நானே கட்டிக்கிறேன்ப்பா" என்று குனிந்தான். "கடைல இது என் வேலை" என்று கையைத் தட்டிவிட்டேன். கயிறு கட்டி முடித்து, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன். எழுந்து நில்லு, நடந்து பாரு, எங்கயாவது கடிக்குதா?

வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். சாய்க்காமல், இரண்டு காலையும் ஊன்றி.

"இல்லப்பா. நல்லா இருக்கு."

நான் இன்னும் முட்டி போட்டபடிதான் இருந்தேன். இன்னொரு கேள்வி தொண்டைவரை வந்தது. கேட்டால் அதற்கும் 'இல்லப்பா' என்பான், என் மனசு நோகக்கூடாதென்று. அதனால் அவன் ஷூ நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்: மூணு வருஷமும் கடிச்சுதாடா?