ஜன்னலில் ஒரு பெருக்கல் குறி

நவம்பர் 6
கியோக்குட்டி, உன் பதிப்பகத்து நெகிஷி வந்திருந்தார். உன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு உன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோ கேம் படக்கதைப் புத்தகத்துக்கு நீ வரைந்த பேய்ப் பக்கங்களில் கறுப்பு மட்டும்தான் பாக்கியாம். வேறு ஓவியரை வைத்து முடித்து, அவர் பெயரையும் உன் பெயரோடு போடுவார்களாம். இத்தனை வருஷம் கறுப்புத் தீட்டியது யார்? நீ நீலப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவாய். அந்த இடத்தை நான் மையால் நிரப்புவேன். நீலம் அச்சில் விழாது.

"முடியுமாம்மா, இந்த நிலைமையில?" என்றார்.

"போனது அவ. என் கை இங்கதானே இருக்கு."

உன் எலும்புகளைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் நாற்பத்தொன்பதாம் நாளன்று தருகிறேன் என்றேன். அதுவரை நீயும் வீட்டில்தானே இருப்பாய்.

நவம்பர் 9
குகை முடிந்தது. கிணற்றுப் பேயின் கூந்தலும்.

நவம்பர் 12
பாலத்துப் பேயின் நிழலில் நேற்று குறி இல்லை. இன்று இருக்கிறது. உன் குறிதான் — ஒரு கால் நீண்டு, சாய்ந்து. தொலைபேசியில் சொன்னேன். கண்ணாடி போடாமல் பார்த்திருப்பீர்கள் என்று நெகிஷி சிரித்தார். தீட்டினேன்.

நவம்பர் 13
மழை. உனக்குச் சோறு வைத்தேன்.

நவம்பர் 16
கடைசிப் பக்கம். பேய்கள் தின்று தீர்த்த ஊர். எல்லா வீடும் இருட்டு, ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு. உள்ளே ஆரஞ்சு உரிக்கிற கிழவி — நான். வரையும்போதே வம்பிழுத்தாய். "அசையாம உட்காரும்மா. ஊரே செத்தாலும் நீ ஒருத்தி தின்னுக்கிட்டிருப்பே."

நவம்பர் 18
ஜன்னலில் குறி. என் முகத்தின் மேல்.

நேத்து இல்லடி. சத்தியமா இல்ல. ரப்பரால் தேய்த்து அழித்தேன். அரிசி கழுவிவிட்டு வந்தால் மறுபடி இருக்கிறது. என்னைக் கூப்பிடுறியா? — வரமாட்டேன் கியோ. உன் துணியெல்லாம் இன்னும் துவைக்கல.

நவம்பர் 20
உன் எலும்புகளைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். நெகிஷியிடம் பக்கங்களைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றார்.

"இந்த ஜன்னலை விட்டுட்டீங்களேம்மா. அவங்க குறி போட்டிருக்காங்களே."

அவருக்கும் தெரிகிறது.

வெள்ளையாகவே இருக்கட்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

டிசம்பர் 22
புத்தகம் வந்தது. உன் பெயர் மட்டும்தான்.

கடைசிப் பக்கத்தில் ஜன்னல் கறுப்பு.

நெகிஷியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாங்க கை வைக்கலம்மா. நீங்க கொடுத்தபடியேதான் அச்சுக்குப் போச்சு."

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு அவ்வளவு சுத்தம். உனக்குக் கோடு தாண்டாமல் தீட்டவே வராது.

கியோ, அங்கே உனக்கு யாரடி தீட்டித் தருகிறார்கள்?