இரண்டு முள் வாட்ச்

அன்புள்ள உனக்கு,

மகள் நலம். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள். நான் பின்னினால் ஜடை கோணலாகிறதாம், அவளே பின்னிக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன். அங்கே நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் இப்போது பிடித்துக்கொண்டாவது நடக்கிறாரா? அவரைத் தூக்கும்போது உன் இடுப்பைக் கவனி.

என்னைப் பற்றித்தான் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. செல்போனில் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. முடித்ததும் மகள் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அதனால் மறைக்க ஒன்றுமில்லை.

என் பிறந்தநாளுக்கு நீ பணம் அனுப்பி, "வீட்டுக்குன்னு ஒரு கரண்டிகூட வாங்கக் கூடாது, உங்களுக்கு மட்டும்தான்" என்றாய் அல்லவா? போன சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு, சாவி கொடுத்தால் ஓடும் பழைய வாட்ச் ஒன்று வாங்க நானும் மகளும் கிளம்பினோம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு உள்ள ஆசை, உனக்குத் தெரியும்.

முதல் கடையில் ஏசி. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், வந்த சுவடு தெரியாமல் வெளியே வந்துவிட்டேன். நடைபாதைக் கடையில் ஒன்று பளபளவென்று இருந்தது. ஆனால் டயலில் புதுப் பெயின்ட். பின்மூடித் திருகுகளெல்லாம் தலை தேய்ந்து கிடந்தன. இருபது வருஷமாக மில்லில் ஃபிட்டராக இருப்பவனிடம் அது செல்லுமா? மூன்றாவது, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த ரிப்பேர் கடை. ஒரு அம்மா நடத்துகிறார். அவர் எடுத்துக் காட்டிய வாட்ச் என் மனத்துக்குப் பிடித்துவிட்டது. டயல் கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தாலும் யாரும் கைவைக்காத டயல். மணி முள், நிமிட முள் இரண்டுதான். "நொடி முள் இருந்தா வேற விலைங்க. இது உங்க கைக்குள்ள அடங்கும்" என்றார்.

சாவி கொடுத்து என்னிடம் நீட்டினார். நொடி முள் இல்லாததால், ஓடுகிறதா என்று வலது காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. குலுக்கிவிட்டு மறுபடி வைத்தேன். இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஓடாத வாட்ச்சை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சக்கரம் ஜோராக ஆடிக்கொண்டிருந்தது. மகள் வாங்கிக் காதில் வைத்தாள். "நல்லாத்தான் கேக்குதுப்பா" என்றாள், மெதுவாக. இடது காதுக்கு மாற்றிப் பார்த்தேன். தூரத்தில் எறும்பு நடப்பது மாதிரி ஏதோ இருந்தது. வலது காதில் அதுவும் இல்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன விலையைச் சொன்னபடியே கொடுத்துவிட்டு வந்தேன். பேரம் பேசாமல் நான் ஒரு பொருள் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திட்டுவதென்றால் அதற்குத் திட்டு.

ஆனால் விஷயம் வாட்ச்சோடு முடியவில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியை மெஷினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டுத்தான் பேரிங் நல்லதா கெட்டதா என்று நான் சொல்வது வழக்கம். அதே வலது காதுதான். மூன்று வாரம் முன்பு அப்படித்தான் ஒரு பேரிங்கைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். மறு ஷிப்டில் அது இறுகி, பெல்ட் அறுந்து, அங்கே நின்ற பெண்ணுக்கு முழங்கையில் ஏழு தையல். உன்னிடம் சொல்லவில்லை. கிரீஸ் மட்டம் என்று எல்லாரிடமும் சத்தம் போட்டேன். நாம் சாவிக்கொத்து என்று கூப்பிடும் ஸ்டோர் கீப்பர் தெரியுமல்லவா, கிரீஸ் வாங்கியது அவர்தான் என்று அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாகக் கிரீஸ்தான் காரணம் என்று நம்பினேன். சனிக்கிழமை இரவு முழுக்க அதையே புரட்டிக்கொண்டு கிடந்தேன்.

திங்கள் காலை மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். நான் நினைத்ததுபோல அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க, அதுவரைக்கும் மெஷின் பக்கம் போக வேண்டாம்" என்றார். பிறகு சாவிக்கொத்திடம் போனேன். அவர் தலையே நிமிர்த்தவில்லை. "என் பொண்ணு கேட்டா, 'மட்டமான சரக்கு வாங்குனியாப்பா'ன்னு. இப்ப வந்து சொல்றியே" என்றார். அவ்வளவுதான். அடிபட்ட பெண் வீட்டுக்கும் போனேன். அவள் உட்காரச் சொன்னாள். அவள் அம்மா சொல்லவில்லை.

புதன்கிழமை டாக்டர் பார்த்தார். மில் சத்தம்தான் காரணமாம். போனது போனதுதான். இடது காதும் பாதிதான், காதில் மெஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும் என்றார். ஃபிட்டர் வேலை இனி இல்லை. பேக்கிங் பிரிவில் இடம் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். சம்பளம் குறையும். சாவிக்கொத்தின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள், அது ஒன்றுதான் நல்ல செய்தி.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மகள் திடீரென்று அழுதாள். என் காதுக்காக என்று நினைத்தேன். "அன்னிக்கு அம்மா போன்ல அழுதுக்கிட்டே கேட்டாங்கப்பா, பக்கத்துல இருந்த எனக்கே கேட்டுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, இருக்கவா, கிளம்பி வந்துடவான்னு. நீங்க 'நல்லது, அப்படியே செய்'னு சொல்லி வச்சுட்டீங்க. நீங்க கல்நெஞ்சுன்னு நெனச்சேன்" என்றாள். பத்து நாளாக நீ ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். நீ ஏதோ சமையல் பற்றியோ லீவு பற்றியோ சொல்கிறாய் என்று நினைத்து, எப்போதும்போல் நல்லது என்று சொல்லி ம் கொட்டினேன். எத்தனை மாதமாக அப்படிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நீ சொன்னதில் இன்னும் எதையெல்லாம் விட்டேனோ.

இப்போது வீடு இருக்கும் நிலையில், அங்கேயே இரு என்று எழுதுவதுதான் நியாயம். அந்த வரியை மேலே இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன், படத்தில் உனக்கும் தெரியும். அந்த இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் சொல், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போடவில்லை என்றால் கொஞ்சம் பொறு. என்னிடம் கேட்டதை உன் கையால் ஒருமுறை எழுதி அனுப்பு. இந்தத் தடவை ஒரு சொல்கூட விடாமல் வாங்கிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன்,
வீட்டுக்காரன்