ஞானமதி அக்காவின் இன்ஹேலர்

நவம்பர் 12, செவ்வாய்

ஞானமதி அக்காவை இன்றும் கடையில் உட்கார வைத்து இன்ஹேலர் இழுக்கச் சொன்னேன். மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தியபடியே மெதுவாக இழுத்து, அப்படியே அடக்கினார். திண்டிவனத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர் வேறு யாரும் இல்லை. கற்றுக்கொடுத்தது நான்தான்.

“எல்லாம் சரியாத்தான் பண்றீங்கக்கா.”

“அப்புறம் ஏம்மா விடிகாலைல நெஞ்சு கட்டிக்கினு கெடக்குது?”

 இழுத்ததும் தண்ணீரில் கொப்பளிக்காவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், கொப்பளிக்காமல் இழுக்கவே கூடாது என்று வழக்கம்போல மிரட்டி அனுப்பினேன்.

நவம்பர் 13

டோஸ் பத்தவில்லையோ? “டாக்டர் வேலைய டாக்டரு பாப்பாரு” என்கிறார் முதலாளி. அவருக்கென்ன.

நவம்பர் 19, செவ்வாய்

பயந்தது நடந்துவிட்டது. விடிகாலையில் மூச்சே விட முடியாமல், அக்காவை அவர் கணவர் வீரசேனன் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோயிருக்கிறார். விக்கிரவாண்டி டோல் தாண்டுவதற்குள் உதடு நீலமாயிடுச்சாம். “சித்ராம்மா, நீ சொன்னபடிதான் அவ செஞ்சா” என்று போனில் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னத்த கத்துக்குடுத்தேன் நான்? எதையோ விட்டுட்டேன் — எதை?

நவம்பர் 20

அக்கா இன்னும் ஐசியூவில். சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

சாயங்காலம் பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். அக்காவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்துப் பார்த்தேன். இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும். பாதி மருந்து அப்படியே இருந்தது.

“ராத்திரி இழுக்கறதில்லையாக்கா?”

“பொழுது சாஞ்சா நான் வாயில தண்ணியே படவிடறதில்லையேம்மா. கொப்பளிக்காம இழுக்கவே கூடாதுன்னு சொன்னியே. அதான் காலைல மட்டும்.”

மூச்சு முட்டும்போது இழுக்க வைத்திருந்த நீல இன்ஹேலரையும் அதனால்தான் தொடவில்லையாம். அதற்குக் கொப்பளிக்கவே தேவையில்லை.

ஜைனக் குடும்பம், இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் அக்கா தண்ணீரையும் விட்டுவிட்டது தெரியாது. எங்கே கேட்டேன்? வாய் ஓயாம நாந்தானே பேசிக்கினு இருந்தேன்.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?”

“நீ கோச்சுக்குவியோன்னு.”

பாத்ரூமில் போய் அழுதேன்.

நவம்பர் 22

டாக்டரிடம் பேசினேன். இரவு டோஸைச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் இழுத்துவிட்டுக் கொப்பளித்தால் போதும் என்றார். இவ்வளவுதான். இதற்கா ஐசியூ?

டிசம்பர் 16, திங்கள்

பனி தொடங்கிவிட்டது. வீடு திரும்பியதிலிருந்து அக்கா தினமும் பொழுதோடு போன் செய்துவிடுவார். இன்று இன்னும் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மரக்காணத்திலிருந்து வீரமுத்து என்று ஒரு மீனவர் புது இன்ஹேலரோடு வந்து நின்றார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கேட்டேன்.

“கடலுக்கு எப்பண்ணே போவீங்க?”

“ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் எறங்கிடுவோம். ஏம்மா, அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இருக்குண்ணே. எப்ப படுப்பீங்க, எப்ப சாப்புடுவீங்க, எல்லாம் சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“இழுத்துட்டேன், கொப்பளிச்சிட்டேன். சாப்புட உக்காரப் போறேன்” என்றார் அக்கா.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.