ரொஷான் சொல்வதற்கு முன்

மார்ச் 9, திங்கள்

வெயில். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை. வாங்க வேண்டியது: டெட்டோல், நெருப்புப்பெட்டி, முழங்காலுக்கு எண்ணெய். தவக்காலம் என்று இறைச்சியை விட்டாச்சு. வாயை விடவில்லை என்கிறாள் மகள்.

ஐந்து மணிக்கு நவ்ஷாட் நானா நோன்புக் கஞ்சியோடு வந்தார். எதிர்க் கடைக்காரர். பட்டினி வயிற்றோடு இரண்டு மாடி ஏறி.

"ஜெசிந்தாக்கா, சூடாக் குடிங்க. உங்களுக்கு எறச்சி போடாம வேறயா எடுத்தேன். நீங்களும் நோன்பு தானே."

இந்த மனுஷன் ஏன் இப்படி நல்லவராக இருந்து தொலைக்கிறார்? எரிச்சலாக வருகிறது. குடித்தேன். இஞ்சி தூக்கல்.

மூன்றாம் வீட்டு பிலோமினாவின் மகன் ரொஷான் டோஹாவிலிருந்து வந்திருக்கிறானாம். ஏழு வருஷத்துக்குப் பிறகு. காரணமில்லாமல் பல்கனிக் கதவைச் சாத்தினேன். காரணமில்லாமலா?

மார்ச் 10, செவ்வாய்

அந்தோனியார் நாள். கோயிலுக்குப் போய் வந்தேன். என் மனுஷன் கடைசியாக உட்கார்ந்த வாங்குப் பக்கம் இன்னும் போவதில்லை.

வீட்டு வாசலில் ரொஷான் காத்திருந்தான். முன் வழுக்கை. கையில் செபமாலை. அங்கே செபக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறானாம்.

"அன்டி, நவ்ஷாட் நானாட்ட மன்னிப்புக் கேக்கப் போறன். ஞாயிறு பூசை முடிய. அடுத்த கிழமை எனக்கு பிளைட்."

"நல்லது மகன்."

"எல்லாத்தையும் சொல்லப் போறன். எங்கள ஆர் அனுப்பினதெண்டும். அரைவாசிய மறைச்சு மன்னிப்புக் கேக்கேலாது தானே."

டீ போட்டேன். சீனி கொட்டியது. உடனே எறும்பு.

"நீங்களே முந்திச் சொன்னா நல்லம் அன்டி. ஞாயிறு வரைக்கும் நான் பொறுப்பன்."

மிரட்டவில்லை அவன். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

எழுதியே விடுகிறேன். இத்தனை வருஷம் இந்தக் கொப்பியில்கூட எழுதவில்லை.

கோயிலில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் பூசைக்கு அவர் தனியாகப் போனார், எனக்குக் காய்ச்சல். மூடிய பெட்டியில் திரும்பி வந்தார். அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. பின்னேரம், பல்கனியில் நின்றேன். நானாவின் கடை அரைக் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்ற வான் வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாக உள்ளே போனது. கீழே நாலைந்து இளந்தாரிகள், அவர்களில் ரொஷானும்.

நான் கத்திச் சொன்னேன்: "அங்க பெட்டி இறங்குது. என்னண்டு பாக்க மாட்டீங்களா? அவர் செத்தது போதாதா?"

போனார்கள், இரும்புக் கம்பியோடு. உள்ளே நானாவின் மாமனார் இருந்தார். நானாவின் மனைவி ஸரீனாவின் வாப்பா. எழுபது வயது. அடி காதோடு விழுந்தது. அதன் பிறகு அவருக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்து மௌத்தானார்.

பெட்டிகளில் ஈச்சம்பழம். உடைந்து ரோட்டெல்லாம் உருண்டது. நோன்பு பிறக்கச் சில நாள்தான் இருந்தது. இருபது வருஷமாக ஒவ்வொரு நோன்புக்கும் அதே பெட்டி இறங்குவதை அதே பல்கனியில் நின்று பார்த்தவள் நான். அன்று மட்டும் தெரியாமல் போனது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று எழுதினால் சரியாக இருக்கும்.

பாவசங்கீர்த்தனத்தில் ஏழு வருஷமாக "கோபப்பட்டேன் சுவாமி" என்று மட்டும் சொல்லி வருகிறேன்.

மார்ச் 12, வியாழன்

கரன்ட் இரண்டு தரம் போனது. மகள் வத்தளையிலிருந்து போன். "அம்மா, பிரஷர் குளிசை போட்டீங்களா?" போட்டேன் என்றேன். போடவில்லை.

நானா கஞ்சியோடு வந்து:

"ரொஷான் ஞாயித்துக்கெழம ஏதோ கதைக்கணும் என்டு மெஸேஜ் போட்டீக்கிறார். எனத்துக்கு என்டு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது நானா."

ஒரே நாளில் இரண்டு பொய்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இந்த ரோட்டில் யாருக்கும் இல்லை. நான் வாழைப்பழமோ பிஸ்கட்டோ வைத்துக் கொடுப்பேன். நேற்றைய பாத்திரத்தில் இன்று நாலு கதலி. ஸரீனா மட்டும் அந்த நாளுக்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறியதில்லை. ரோட்டில் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. ஜும்மா முடிந்து கடை திறக்கும்வரை பல்கனியில். நாலு மணிக்கு நேற்றைய கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சொன்னேன். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி, முழுதாக. நானா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடி ரோட்டால வந்த என்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சீந்தேன்," என்றார். "மேல ஈந்து என்டு நெனக்கல்ல."

யாரோ முட்டை வாங்க வந்தார்கள். கொடுத்தனுப்பினார். பிறகு:

"கட ஒடஞ்சது என்ட. அத மாப் செஞ்சிட்டேன் அக்கா, அல்லாஹ்வுக்காக. அந்தக் காது என்ட இல்ல. அது ஸரீனாட வாப்பா. அவகிட்ட செல்லாம எனக்கு ஈக்கேலா."

"நானே சொல்லட்டா?"

"வேணாம். நீங்க மேல போங்க."

இந்தக் குரலில் அவர் என்னோடு ஒரு நாளும் பேசியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. பாத்திரத்தை வெறுமையாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

கடை திறக்கவில்லை. சனிக்கிழமை, நோன்பு மாசம், கடை திறக்கவில்லை.

ரொஷானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "தேவனுக்கு ஸ்தோத்திரம் அன்டி." அவனுக்குச் சுமை குறைந்துவிட்டது. எனக்கு இல்லை.

பத்து மணியளவில் கடைக்குப் பின்னால் அவர்கள் வீட்டில் ஒரு பெண்ணின் சத்தம். ஒரே ஒரு தரம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வானம் கறுத்துக் கட்டி நிற்கிறது. உடுப்பு எடுத்தாச்சு. குளிசையும் போட்டாச்சு.

5.00. கஞ்சி வரவில்லை.

5.20. இல்லை. கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

5.40. எதிர்ப்பக்கம் ஸரீனா. கறுப்பு அபாயா. ரோட்டைக் கடக்குமுன் நிமிர்ந்து என் பல்கனியைப் பார்த்தார். உள்ளே வந்துவிட்டேன்.

படியில் செருப்புச் சத்தம். முதல் மாடியில் நின்றது. மறுபடி.

என்ன சொல்வது? இருக்கச் சொல்வதா? நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணித்தியாலம், தண்ணீர்கூட நீட்ட முடியாது.

பெல். கதவு ஓட்டையால் பார்த்தேன். தனியாகத்தான். பாத்திரம் இல்லை. கை இரண்டும் வெறுமை.

"ஜெசிந்தாக்கா. நீங்க உள்ள ஈக்கிறது தெரியும். தொறங்க."

போகிறேன்.