இரண்டாவது குரலைத் தேடி வந்த ஜீப்

வெள்ளவத்தை,
9.11.1997

என் அன்புக்கும் அட்டகாசத்துக்கும் ஒரே வாரிசான மருமகள் வதனிக்கு,

இவ்விடம் நானும் உன் அம்மாவும் உயிரோடும் உடம்போடும் பொலிஸ் பதிவோடும் இருக்கிறோம். அவ்விடம் நோர்வேக் குளிருக்குள் நீ மூக்கு உறையாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை நாள்தோறும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன், அவரே இடம் மாறிப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உன் அப்பா கண்மூடிய நாளிலிருந்து தகப்பன் பதவியையும் மாமன் பட்டத்தையும் ஒரே மொட்டைத் தலையில் சுமக்கும் சின்னராசா மாமா எழுதிக்கொள்வது. முதலில் ஒரு விஷயம். டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். வராதே பிள்ளை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் ஆயுளில் விளையாட்டுக்குச் சொல்லாத விஷயங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும், இது அதில் கட்டைவிரல். உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை, சந்திக்கடை ஷிப்லியின் மச்சான் லண்டனுக்குப் போகிறார், அவர் அங்கே முத்திரை ஒட்டிப் போடுவார். அதனால்தான் மனதில் உள்ளதைத் திறந்து எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை வாசி. நீ இங்கே இருந்த காலத்தில் அம்மாவும் நீயும் பின்னேரங்களில் குந்தியிருந்து அந்தப் பழைய ஹிந்திப் பாட்டுகளைப் பாடுவீர்களே, இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுகிற பாட்டுகள். ரேடியோவில் கேட்டுக் கேட்டு என் அக்கா, அதுதான் உன் அம்மா, தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினவை. அவளுக்கு ஹிந்தியில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்கத் தெரியாது, ஆனால் வடஇந்தியாவின் ஐம்பது வருடத்து விரகதாபம் முழுவதும் மனப்பாடம். ஆணும் பெண்ணும் பாடுகிற பாட்டை ரசிக்க ஒரு மாடு போதும் என்பது என் சித்தாந்தம், எது ஆண் எது பெண் என்று அதற்கே தெரியும். இரண்டு பெண்கள் பாடுவதை ரசிக்கத்தான் காது வேண்டும். ஒரு குரல் நூல் மாதிரி மெல்லிசாக ஓடும், மற்றது கொஞ்சம் கனத்து, அடித்தொண்டையில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு பின்னால் வரும். ஒருத்தி சீண்டுவாள், மற்றவள் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள், பிறகு கடைசி அடியில் இருவரும் ஒன்றாகச் சேரும்போது தையல் எங்கே விழுந்தது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மெல்லிய குரல் உன்னுடையது. கனத்தது அம்மாவுடையது. நீ போன பிறகு அவள் ஒரு வருடம் பாடவே இல்லை என்பது உனக்குத் தெரியும். பிறகு பாடத் தொடங்கினாள் என்பதும் தெரியும். உனக்குத் தெரியாதது என்னவென்றால் அவள் இரண்டு குரலையும் தானே பாடுகிறாள். துருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டே தன் அடியைக் குசினி அடுப்புப் பக்கம் பார்த்துப் பாடுவாள், உன் அடி வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உன் குரலில் பாடுவாள். உன் குரல் மாதிரி அல்ல, உன் குரலே. நீ எந்த இடத்தில் மூச்சு முட்டுவாயோ அதே இடத்தில் அவளும் முட்டுவாள், நீ பிழையாகப் பாடினதைக்கூடத் திருத்தாமல் அப்படியே பாடுவாள். முதல்முறை கேட்டபோது நான் நோர்வே விமானம் நம் ஒழுங்கைச் சந்துக்குள் இறங்கிவிட்டதாக நினைத்துச் சாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன்.

இப்போது ஒழுங்கை முனையில் மண்மூட்டை அடுக்கிக் காவல் போட்டிருக்கிறார்கள். போன மாதம் கோட்டையில் குண்டு வெடித்ததிலிருந்து காவல் இன்னும் இறுக்கம். அதில் சோமதாச என்று ஒரு ரிசர்வ் பொலிஸ்காரர் பின்னேரக் காவலுக்கு நிற்பார், என் வயதுக்காரர், தொந்தி என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது. நம் வீட்டு ஜன்னல் அவருக்கு நேரே. மனுஷன் ஹிந்திப் பாட்டில் ஊறின ஆள் என்று எனக்கு அப்போது தெரியாது. தினமும் துவக்கை மண்மூட்டையில் சாத்திவிட்டு அக்காவின் கச்சேரியைக் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நின்றாரா, ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது தன் சார்ஜனிடம் பதினேழாம் நம்பர் வீட்டில் தாயும் மகளும் பாடுகிறார்கள், ரேடியோ பிச்சை வாங்கவேண்டும், அதிலும் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் இருக்கிறதே என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறார். பாவம், நல்ல ரசிகன், வாய்தான் நீளம். அந்தச் சார்ஜன் பாட்டை விட்டுவிட்டு, எந்த வீட்டில் எந்தத் தமிழர் இருக்கிறோம் என்று பொலிஸில் எழுதிவைக்கிற பதிவைப் பிடித்துக்கொண்டான். பதினேழாம் நம்பரில் பதிந்திருப்பது ஒரு கிழவனும் ஒரு விதவையும்தானே, பாடுகிற சின்னப் பெண் யார், வடக்கிலிருந்து வந்து ஒளிந்திருப்பவளா, எப்போது வந்தாள், எதற்கு வந்தாள். அடுத்த நாள் காலை இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஜீப்.

கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அரிசி வாளியைக் கவிழ்த்தார்கள், கூரைக்கு மேலே ஒருவன் ஏறினான். நான் என் மணிபர்சைத் திறந்து இதற்குள்ளும் பாருங்கள் ஐயா என்றேன், உன் அம்மா என் காலை மிதித்தாள். அதுவரை பயம் ஒன்றும் இல்லை. உன் அறையைத் திறந்தபோதுதான் மணிபர்சை மூடி மடிக்குள் செருகினேன். நீ வரப்போகிறாய் என்று எழுதினதும் எழுதினாய், அக்கா உன் அறையை அரண்மனை ஆக்கி வைத்திருக்கிறாள். கட்டிலில் புதுவிரிப்பு, அலுமாரியில் உன் பழைய உடுப்புகள் துவைத்து அயர்ன் பண்ணி அடுக்கி, மேசையில் புதுச் சவர்க்காரம், புதுத் துவாய், பிரிக்காத பல்லுப் பிரஷ், தலைக்குக் குத்தும் கிளிப் வரை. யாராவது பார்த்தால் அங்கே ஒரு பெண்பிள்ளை நேற்றுவரை இருந்தாள், இன்றைக்குக் காலை பின்கதவால் போனாள் என்றுதான் நினைப்பார்கள். இன்ஸ்பெக்டர் அந்தப் பிரஷ்ஷைக் கையில் எடுத்து, கோ அனித் எக்கெனா, மற்றவள் எங்கே என்று கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னாள், ஐயா மகள் வெளிநாட்டில், அவளுடைய பகுதியையும் நான்தான் பாடுகிறேன் என்று. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கைகால் குளிர்கிறது, நோர்வேயில் நீ படுகிற குளிர் அதற்கு முன்னால் சித்திரை வெயில்.

எங்கள் இருவரையும் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்ப் பகல் முழுவதும் மரவாங்கில் இருத்தி வைத்தார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னேரம் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, சரி, இரண்டு குரலிலும் பாடிக் காட்டு என்றார். அக்கா எழும்பி நின்று தன் அடியைப் பாடினாள். உன் அடி வந்தது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள், அங்கே ஜன்னல் இல்லை, அலுமாரிதான் இருந்தது. குரல் வரவில்லை பிள்ளை. வாய் திறந்தபடி நிற்கிறாள், காற்று மட்டும் வருகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றுபோனாள். நான் பொறுக்க முடியாமல் எழும்பி இரண்டாவது குரலை என் வெண்கலத் தொண்டையில் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டேசன் நாய் எழும்பி வெளியே போனது. இரண்டு பொலிஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள், இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இவளிடம் இருப்பது ஒரே குரல், மற்றக் குரல்காரி வெளியே திரிகிறாள் என்று சிங்களத்தில் சார்ஜனிடம் சொன்னார், எனக்கு விளங்காது என்று நினைத்தார் போல. பிறகு உன் பெயர், வயது, எந்தப் பள்ளிக்கூடம், எப்போது போனாய் எல்லாம் கேட்டார். போனவள் திரும்பி வரவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்றார். ஆள் கைக்கு அகப்படாததால் இருட்டுமுன் எங்களை விட்டுவிட்டார்கள், ஆனால் முன்னறைச் சுவரில் தொங்கின உன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், இரட்டைப் பின்னலோடு நீ நிற்கிற படம், அதைத் திருப்பித் தரவில்லை. இந்தப் பெண் எப்போது வந்தாலும் முதலில் இங்கே கொண்டுவா என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அடுத்த நாள் சோமதாச வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அய்யே, அண்ணே, நல்லாயிருக்கிறது என்றுதானே சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏச நினைத்தேன், மனம் வரவில்லை. இந்தக் கொழும்பு மாநகரத்தில் இரண்டு பெண்குரல்களைப் பிரித்துக் கேட்டு ரசிக்கத் தெரிந்த ஒரே பொலிஸ்காரர், அவரால்தான் இந்த வினை. அவர் இன்ஸ்பெக்டரிடம் போய் அது என் காதின் பிழை சார் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்குப் பலன், அவரை இரத்மலானைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது நிற்கிறவன் ஜன்னலைப் பார்க்கிற பார்வையில் பாட்டு ஒன்றும் இல்லை.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். மாமா, நான் நோர்வே பாஸ்போர்ட், என்னை என்ன செய்வார்கள் என்பாய். அந்தப் பாஸ்போர்ட் உன்னை வெளியே எடுக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை, தூதரகம் கடிதம் எழுதி, அவர்கள் பதில் எழுதி, இவர்கள் விசாரித்து ஒருநாள் எடுக்கும். அதுவரை நீ எங்கே இருப்பாய்? யாருடன் இருப்பாய்? அந்தக் கேள்விக்கு என்னால் பகிடியாக ஒரு பதில் எழுத முடியவில்லை, பேனாவை வைத்துவிட்டு எழும்பி இரண்டு தரம் நடந்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். ஒழுங்கையில் எல்லோருக்கும் இப்போது அந்த வீட்டில் ஒரு பெண் ஒளிந்திருந்தாளாம் என்ற கதை தெரியும். நீ வந்து இறங்கினால் அந்தக் கதை உண்மை ஆகிவிடும். அதே முகம், அதே பெயர், வாயைத் திறந்தால் அதே குரல்.

உன் அம்மாவோ நேற்றும் மிளகாய்த்தூள் வறுத்து இடித்து உனக்கென்று போத்தலில் அடைத்தாள். மாசிக் கருவாடு வாங்கி வெயிலில் காய வைத்திருக்கிறாள். ஸ்டேசனுக்குப் போன அந்த நாளிலிருந்து ஒரு அடி பாடவில்லை. வராதே என்று அவளைக்கொண்டு சொல்லவைக்க எனக்குத் துணிவில்லை. அதனால் நீ ஒன்று செய். லீவு கிடைக்கவில்லை, கம்பனி விடமாட்டேன் என்கிறது என்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. எனக்குப் பதில் எழுதுவதென்றால் கொட்டாஞ்சேனையில் றோஸி அன்ரியின் விலாசத்துக்குப் போடு, அக்காவின் பழைய சிநேகிதிதான், வாய் திறக்கமாட்டாள், உனக்காகக் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளையாரும் அந்தோனியாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் எழுதி முடித்து நிமிர்ந்தால் உன் அம்மா பின்னால் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, எங்கிருந்து வாசித்தாளோ தெரியாது, கையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தம்பி, பிள்ளையைப் பொய் எழுதச் சொல்லாதை, அவளுக்கு எனக்குப் பொய் எழுதத் தெரியாது, எழுதினாலும் நான் கண்டுபிடிச்சிடுவன், பிறகு ரெண்டுபேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கொண்டு இருக்கவேணும், வேண்டாம். அம்மாதான் வரவேண்டாம் எண்டு சொன்னவ எண்டு எழுதிவிடு என்றாள். மேலே எழுதினதை அடித்துவிட்டு எழுதட்டா என்று கேட்டேன். வேண்டாம், உன்ர புளுகும் கிடக்கட்டும், அதை வாசிச்சாவது சிரிப்பாள் என்றாள். ஆகவே மேலே உள்ள பொய்த் திட்டம் ரத்து. உன் அம்மா சிவக்கொழுந்து சொல்கிறாள், வராதே.

சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் துருவலைச் சத்தம் கேட்டது, அதற்குள்ளிருந்து பாட்டும் வந்தது. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டிப் பாடுகிற அந்தப் பாட்டு. தன் அடியைப் பாடினாள். உன் அடி வருகிற இடத்தில் நிறுத்திவிட்டாள். உன் அடி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரமும் தேங்காயை மட்டும் துருவினாள், பிறகு தன் அடுத்த அடியை எடுத்தாள். இப்படியே பாட்டு முழுவதும். வெளியே நிற்கிறவனுக்கு ஒரு பெண்ணின் குரல்தான் கேட்டிருக்கும், பதிவில் இருப்பதும் ஒரு பெண்தான், குற்றம் சொல்ல இடமில்லை. நான் முன்னறையில் இருந்தேன். வெறுமையாக விட்ட அந்த இடங்களில் நான் என் வாயைத் திறக்கவே இல்லை. நிலைமை எப்படி இருக்கிறது என்பதை அதை வைத்தே விளங்கிக்கொள்.

டிக்கெட்டை உடனே கான்சல் பண்ணு, தள்ளிப் போடாதே. றோஸி அன்ரி வீட்டுக்கு எடுக்கிற போனில் பாட்டுக் கதை வேண்டாம், சாப்பாடும் மழையும் கதைத்தால் போதும். காதை மூடித் தொப்பி போடு, இரவில் வேலை முடிந்து தனியே நடக்காதே. நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் பெற்று, பயமில்லாத ஒரு வருடத்தில் இந்த வீட்டு வாசலில் நீ வந்து இறங்கவேண்டும் என்று பெரியவர்கள் இருவரும் மனம் நிறைய ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
அம்மாவின் உத்தரவுப்படி,
உன் தாய்மாமன்
சின்னராசா